தாம்பரம் டு வேளச்சேரி... வழி: டாட்டூ!

செமஸ்டர் முடிஞ்ச சாயங்காலம், ஹாஸ்டல் மொட்டைமாடி. நாலு பேர் உட்கார்ந்தா, அஞ்சாவதா ஒரு டாபிக் தானா வந்து உட்காரும். ''மச்சி, டாட்டூ போட்டுக்கலாமாடா?''

உங்க கேங்கிலும் இந்தக் கேள்வி கண்டிப்பா வந்திருக்கும். ஒருத்தன் ''செமயா இருக்கும்''பான். ஒருத்தன் ''வலிக்கும்டா''ம்பான். இன்னொருத்தன் ''எங்க அப்பா தோலை உரிச்சிடுவார்''ம்பான். அதோட டாபிக் டீக்கடைக்குப் போயிடும்.

இந்தத் தடவை அப்படி விட வேணாம் பாஸ். உங்க சனிக்கிழமை ஒண்ணை எனக்குக் கொடுங்க. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுங்க. எழும்பூர், மெரினா, வேளச்சேரி... மூணே இடம். ராத்திரி ரூமுக்குத் திரும்பும்போது, 'போடலாமா... வேணாமா?'ங்கிற கேள்விக்கு உங்ககிட்டயே ஒரு பதில் இருக்கும்.

கிளம்பலாமா?

முதல் ஸ்டாப்: எழும்பூர்

'டாட்டூவுக்கும் எழும்பூருக்கும் என்ன சம்பந்தம்?'னு முறைக்காதீங்க. ஸ்டேஷன்ல இறங்கி பாந்தியன் சாலைக்கு நடந்தா, அரசு அருங்காட்சியகம். ஸ்கூல் டூர்ல வரிசையா வந்து டைனோசரைப் பார்த்துட்டுப் போன அதே இடம்தான். (வெள்ளிக்கிழமை லீவு. அதான் சனிக்கிழமை கேட்டேன்!)

நாம இப்போ வந்தது ஷோகேஸ் பார்க்க இல்லை. ஒரு மனுஷரை ஞாபகப்படுத்திக்க. பேர் எட்கர் தர்ஸ்டன். 1885-ல் இந்த மியூசியத்தோட கண்காணிப்பாளரா வந்தவர். தென்னிந்தியா முழுக்கச் சுத்தி, மக்கள் என்ன சாப்பிடுறாங்க, எப்படிக் கல்யாணம் பண்றாங்கனு ஒண்ணு விடாம எழுதி வெச்ச வெள்ளைக்காரர். 1906-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், நம்ம ஊர் பச்சை குத்துறதைப் பத்தியும் எழுதியிருக்கார்.

ரெசிபி இதோ. மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைக்கணும். அதை மெல்லிசான துணியில தடவி, திரி மாதிரி சுருட்டி, விளக்கெண்ணெய் விளக்கில் ஏத்தணும். மேல ஒரு புதுப் பானையைக் கவிழ்த்தா, உள்பக்கம் கரி படியும். அதைச் சுரண்டி, தண்ணியிலயோ தாய்ப்பாலிலயோ குழைச்சா, மை ரெடி. நாலஞ்சு ஊசியை ஒண்ணா சேர்த்துக் கட்டினா, மெஷின் ரெடி!

கறுப்புக் கரியைத்தானே குத்துறாங்க, ஏன் 'பச்சை'னு பேர்? தோலுக்கு அடியில போன கறுப்பு, வெளியில இருந்து பார்க்கும்போது நீலமும் பச்சையுமாத்தான் தெரியும். நம்ம கை நரம்பு பச்சையா தெரியுதே, கிட்டத்தட்ட அதே கதைதான். ஒளி செய்யுற வேலை.

இதைப் படிச்சதும் நான் விழுப்புரம் பக்கம் கிராமத்தில் இருக்கிற என் பாட்டிக்கு போன் போட்டேன். ஏன்னா, அவங்க வலது கையில முழங்கை வரைக்கும் புள்ளிக் கோலம் இருக்கு. மணிக்கட்டில் ஒரு தேள் இருக்கு. சின்ன வயசுல அந்தத் தேளைத் தொட்டுப் பார்த்துட்டு பயந்து ஓடினவன் நான்.

''அது எப்போ குத்தினது பாட்டி?''

''பன்னெண்டு வயசு இருக்கும் கண்ணு. எங்கம்மா கையைப் பிடிச்சுக்கிச்சு, அத்தை காலைப் பிடிச்சுக்கிச்சு. குறத்தி பாட்டுப் பாடிக்கிட்டே குத்துச்சு. ரெண்டு படி நெல்லும் ஒரு பழைய சேலையும் வாங்கிட்டுப் போச்சு. எனக்கு மூணு நாள் காய்ச்சல்.''

''குத்திக்கிறியானு உன்னை யாராவது கேட்டாங்களா?''

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிச்சாங்க. ''கல்யாணத்துக்கே யாரும் கேக்கலை... இதுக்கா கேப்பாங்க?''

பாட்டி சொன்ன இன்னொரு விஷயம்... ''நகை நட்டெல்லாம் போற காலத்துல கழட்டிடுவாங்க கண்ணு. இது ஒண்ணுதான் கூடவே வரும்.'' இது என் பாட்டியோட டயலாக் மட்டும் இல்லை. உங்க ஊர்லயும் பச்சை குத்தின ஆயாக்களைக் கேட்டுப் பாருங்க, இதையேதான் சொல்வாங்க.

ஆக, டாட்டூங்கிறது நேத்து இன்ஸ்டாகிராமில் பிறந்த ஃபேஷன் இல்லை மக்களே. 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில கிடைச்ச 'ஊட்ஸி'ங்கிற மனுஷனோட உடம்புல 61 டாட்டூ இருந்துச்சு. அவர் வாழ்ந்து 5,000 வருஷத்துக்கு மேல ஆச்சு! இங்கே 1970-களில் எம்.ஜி.ஆர். சொல்லிக் கட்சிக் கொடியைக் கையில பச்சை குத்திக்கிட்டவங்க இன்னிக்கும் தாத்தாக்களா நம்ம தெருவுல நடமாடுறாங்க.

எல்லாருக்கும் ஊசி ஒண்ணுதான். ஆனா, 'யார் முடிவு பண்ணினது?'ங்கிறதுதான் ஒவ்வொரு தோலுக்கும் வேற வேற. இதை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கங்க. திரும்ப வர்றேன்.

ரெண்டாவது ஸ்டாப்: மெரினா

எழும்பூரில் இருந்து ஒரே ஸ்டேஷன்... பார்க். இறங்கி பார்க் டவுன் ஸ்டேஷனுக்கு மாறினா, பறக்கும் ரயில். மொட்டைமாடித் துணியெல்லாம் பார்த்துக்கிட்டே போய், கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்குங்க. காமராஜர் சாலையைத் தாண்டினா மணல். அப்புறம் சுண்டல், பஜ்ஜி, குதிரை...

போன வருஷம் ஜூன் கடைசியில, இங்கேதான் என் ரூம்மேட் டாட்டூ போட்டுக்கிட்டான். மணல்ல ஒரு பிளாஸ்டிக் ஷீட். அதுமேல டிசைன் ஒட்டின அட்டை. தேள், சிலுவை, சிவன், ஆங்கிலத்தில் ஏ டு இசட், இதயத்துக்குள்ள அம்பு. பக்கத்துல பேட்டரி, அதுல இருந்து ஒயர் வழியா கையடக்க மெஷின். ''எழுத்துக்கு நூறு ரூபா தம்பி!''

நம்ம ஆள் கேட்டது மூணே எழுத்து. அப்பா. ப்-க்கு மேல புள்ளி ஃப்ரீ! முந்நூறு ரூபா, இருபது நிமிஷம், ஸ்ஸ்ஸ்... ஆஆ... முடிஞ்சுது. அப்பா மேல அவனுக்கு அவ்வளவு பாசம். லாரி ஓட்டி இன்ஜினீயரிங் படிக்க வைக்கிறவர் அவர்.

நான் அப்போ பக்கத்துல உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கு முன்னாடி நடந்ததை நான் கவனிக்கவே இல்லை. இவனுக்கு முன்னாடி ஒரு அண்ணனுக்குக் குத்தின ஊசியை ஒரு டம்ளர் தண்ணியில முக்கி, துணியில துடைச்சுட்டு, அதையேதான் இவனுக்கும் வெச்சார். அதே மை மூடி. அதே துணி. அவர் கெட்டவர்னு சொல்ல வரலை. மழை வந்தா அன்னிக்கு வருமானம் இல்லாத மனுஷர். ஆனா, ரத்தத்துக்கு அது தெரியாது.

ஒரு ஊசியில ஒட்டியிருக்கிற, கண்ணுக்கே தெரியாத ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, ஹெச்.ஐ.வி. கிருமிகள் பயணம் பண்ண முடியும். தண்ணியில முக்கினா அது போகாது. துணியில துடைச்சா, துணிக்கும் சேர்ந்து ஒட்டும்.

அக்டோபர் மாசம் நம்ம நண்பனோட அப்பாவுக்கு திடீர்னு பைபாஸ் ஆபரேஷன். 'நாலு யூனிட் ரத்தத்துக்கு ஈடா ஆள் கொண்டு வாங்க'னு சொன்னாங்க. ஹாஸ்டலில் இருந்து ஒரு வேன் நிறையப் போனோம். முதல் ஆளா சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு உள்ள போனவன் அவன்தான்.

ரத்த வங்கியில ஒரு ஃபார்ம் கொடுப்பாங்க. மஞ்சள் காமாலை வந்திருக்கா, மாத்திரை சாப்பிடுறீங்களா, டாட்டூ போட்டிருக்கீங்களா... வரிசையா கேள்விகள். அவன் ஃபார்மைக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே அங்க இருந்த அக்கா கையைப் பார்த்துட்டாங்க.

''எப்போ போட்டீங்க?''

''நாலு மாசம் ஆச்சுக்கா.''

''ஒரு வருஷம் ஆகணும் தம்பி. அடுத்தவங்களை வரச் சொல்லுங்க.''

அந்த அக்கா மேல தப்பே இல்லை. டாட்டூ போட்டா 12 மாசத்துக்கு ரத்தம் கொடுக்கக் கூடாதுங்கிறது நம்ம நாட்டு விதி. ஏன்னா, கிருமி உள்ள போன புதுசுல டெஸ்ட்டுல தெரியாமப் போக வாய்ப்பு இருக்கு. ரத்தம் வாங்கிக்கிறவங்க உயிரோட விளையாட முடியாதே!

நாங்க நாலு பேர் கொடுத்தோம். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா, அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவுல அவன் தன் கையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் மறக்கலை. ''அப்பானு எழுதிக்கிட்டேன்டா. அந்த எழுத்தாலேயே அவருக்குக் கொடுக்க முடியலைடா.''

'அவன் டாட்டூ போட்டதே தப்பு'ங்கிறதுக்காக இதைச் சொல்லலை. போடுறதுக்கு முன்னாடி இதை அவனுக்குச் சொல்ல யாருமே இல்லை. பக்கத்துலயே சுண்டலோட உட்கார்ந்திருந்த என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். அதனாலதான் இந்த டூரே!

நடுவுல ஒரு ஜன்னலோரம்

திரும்பப் பறக்கும் ரயில். மயிலாப்பூர், மந்தைவெளி, கோட்டூர்புரம்... திருவான்மியூர் கிட்ட டைடல் பார்க் தெரியும்போது உங்க மனசுல ஒரு கேள்வி எட்டிப் பார்க்கும். ''டாட்டூ இருந்தா வேலை கிடைக்குமா பாஸ்?''

ஐ.டி. ஆபீஸ்களில் சட்டைக்கைக்குள்ள இருக்கிறதைப் பத்திப் பெரும்பாலும் யாரும் கவலைப்படுறது இல்லை. கழுத்து, முகம், விரல்... இங்கெல்லாம் போட்டா ஹெச்.ஆர். புருவம் உயரலாம். ஆனா, ராணுவம் உங்க கனவா இருந்தா கண்டிப்பா யோசிங்க. முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் கையோட உள்பக்கமும், புறங்கையும்தான் அனுமதி. வேற எங்கே நிரந்தர டாட்டூ இருந்தாலும் தேர்வுல சிக்கல். பழங்குடி மக்களுக்கு அவங்க வழக்கப்படி போட்டதுக்கு மட்டும் தனிச் சலுகை. பைசெப்ஸில் சிங்கம் போட்டுட்டு, அப்புறமா என்.டி.ஏ., சி.டி.எஸ். அப்ளிகேஷன் ஃபார்மைத் தேடுறது புத்திசாலித்தனம் இல்லை!

மூணாவது ஸ்டாப்: வேளச்சேரி

வேளச்சேரியில ஒரு மாடி. ஏ.சி. ரூம், டெட்டால் வாசம், சுவரெல்லாம் டிசைன். டாட்டூ ஆர்ட்டிஸ்ட் அண்ணனுக்கு ரெண்டு கையிலயும் இடமே பாக்கி இல்லை. நாங்க உள்ள போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி... ''சாப்பிட்டீங்களா?''

காரணம் இருக்கு. வெறும் வயித்தோட உட்கார்ந்தா தலைசுத்தி விழ வாய்ப்பு உண்டு. அடுத்த கேள்வி... ''பதினெட்டு முடிஞ்சுதா? ஐடி காட்டுங்க.'' மூணாவது... ''மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களா? சர்க்கரை, தோல் அலர்ஜி, காயம் பட்டா வடு புடைச்சு வளர்ற வாகு... எதாவது உண்டா?'' இருந்தா, முதல்ல டாக்டர்கிட்ட போகச் சொல்லிடுறார். முந்தின நாள் சரக்கடிச்சிருந்தா, ''போய்ட்டு இன்னொரு நாள் வாங்க!''

இன்ஜினீயரிங் மூளைக்குத் தீனி வேணுமே... ''இந்த மெஷின் எப்படிண்ணே ஓடுது?''னு கேட்டேன். கழட்டியே காட்டினார். ரெண்டு காயில், ஒரு ஸ்பிரிங், ஒரு காண்டாக்ட் ஸ்க்ரூ. கரன்ட் வந்தா காந்தம் இழுக்கும், இழுத்ததும் சர்க்யூட் கட் ஆகும், ஸ்பிரிங் திரும்பும், மறுபடி கரன்ட். அட, நம்ம வீட்டு காலிங்பெல்! ஃபர்ஸ்ட் இயர்ல மார்க்குக்காகப் படம் போட்டோமே, அதேதான். எடிசன் 1876-ல் பேப்பரில் ஓட்டை போட்டு நகலெடுக்கிற ஒரு மின்சாரப் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த ஐடியாவை வெச்சு, சாமுவேல் ஓ'ரெய்லினு ஒருத்தர் 1891-ல் நியூயார்க்கில் டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பேப்பரில் போட்ட ஓட்டை தோலுக்கு வந்த கதை இது.

ஊசி போறது ஒண்ணரை, ரெண்டு மில்லிமீட்டர் ஆழம்தான். மேல்தோல் உதிர்ந்து புதுசா வந்துக்கிட்டே இருக்கும், அங்கே மை நிக்காது. அதுக்குக் கீழே இருக்கிற அடுக்குக்கு மை போகணும். அங்கே போனதும் நம்ம உடம்போட காவல்காரங்க, மேக்ரோஃபேஜ்ங்கிற செல்கள், 'எவன்டா உள்ள வந்தது?'னு பாய்ஞ்சு மையை முழுங்கும். முழுங்கினதை ஜீரணிக்க முடியாம அப்படியே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திடும். ஒரு செல் செத்தா, பக்கத்து செல் அதே மையை எடுத்து வெச்சுக்கும். எலிகள்ல இதைப் பார்த்து 2018-ல் ஃபிரான்ஸ் விஞ்ஞானிகள் வெளியிட்டாங்க. ஆக, டாட்டூங்கிறது தோல் மேல இருக்கிற படம் இல்லை. உங்க உடம்பு தினம் தினம் பிடிச்சு வெச்சுக்கிட்டு இருக்கிற ஒரு விஷயம்!

அண்ணன் ஒருத்தருக்கு டாட்டூ போடுறதைக் கடைசி வரை பார்த்தோம். நீங்க எந்தக் கடைக்குப் போனாலும் பார்க்க வேண்டியது இதைத்தான்...

ஊசி பாக்கெட்டை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும். அதுல காலாவதி தேதி இருக்கும், கேட்டு வாங்கிப் படிங்க. வேலை முடிஞ்சதும் அந்த ஊசி தனி டப்பாவுக்குப் போகணும்.

மையைச் சின்னக் கப்பில் ஊத்திக்கணும். மிச்சமானா கொட்டிடணும். திரும்ப பாட்டிலுக்குள்ள போனா, நீங்க எந்திரிச்சு வெளிய போயிடுங்க!

புது கிளவுஸ். நடுவுல போன் எடுத்தா, திரும்ப வேற புது கிளவுஸ்.

திரும்பப் பயன்படுத்துற உலோகப் பொருள் இருந்தா ஆட்டோகிளேவ் இருக்கணும். அது நீராவி அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ்ல கிருமியைக் கொல்ற பெட்டி. சும்மா வெந்நீர் பாத்திரம் இல்லை.

இதையெல்லாம் கேட்டா கோவப்படுற கடை, உங்களுக்கான கடை இல்லை. இந்த அண்ணன் நாங்க கேட்கக் கேட்க சிரிச்சுக்கிட்டே காட்டினார். ''கேக்குற பசங்களைத்தான் எனக்குப் பிடிக்கும். கேக்காதவங்கதான் அப்புறம் வந்து அழுவாங்க.''

அடுத்தது ஸ்டென்சில். டிசைனை முதல்ல ஊதாக் கலரில் தோல்ல ஒட்டிப் பார்ப்பாங்க. இங்கதான் தமிழ்ப் பசங்க உஷாரா இருக்கணும். 'அம்மா'வில் ஒரு புள்ளி விட்டுப்போனா 'அமமா'. ர, ற மாறினா அர்த்தமே மாறிடும். மெஷின் ஓட ஆரம்பிச்சதும் ரப்பர் கிடையாது! தமிழ் ஒழுங்கா தெரிஞ்ச ஒருத்தரைக் கூடக் கூட்டிட்டுப் போங்க.

வலி? ''எறும்பு கடிச்ச மாதிரி''னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வெயில்ல வெந்த தோல் மேல சேஃப்டி பின்னால கோடு போட்டுக்கிட்டே இருந்தா எப்படி இருக்கும்? அப்படினு எனக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தவர் பல்லைக் கடிச்சுக்கிட்டே சொன்னார். புஜம், தொடையில கம்மி. விலா எலும்பு, கணுக்கால், மணிக்கட்டுப் பக்கம் ஜாஸ்தி.

போட்டு முடிச்சதும் கதை முடியலை. அது ஒரு புண். மைல்டு சோப் போட்டுக் கழுவி, ஒத்தி எடுத்து, அவங்க சொன்ன களிம்பை மெல்லிசா தடவணும். பொருக்கு வரும், அரிக்கும், சொறியவே கூடாது. ரெண்டு மூணு வாரத்துக்குக் கடல், நீச்சல்குளம், நேர் வெயில் வேணாம். அதனால கோவா டூருக்கு முந்தின வாரம் டாட்டூ போடுற பிளானைக் கைவிடுங்க. சிவப்பு பரவினா, சீழ் வெச்சா, காய்ச்சல் வந்தா, கூகுள் பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட ஓடுங்க.

கிளம்பும்போது அண்ணன்கிட்ட கடைசியா கேட்டேன். ''உங்ககிட்ட திரும்பத் திரும்ப வர்றது என்ன டிசைன்ணே?''

''லவ்வர் பேரு. அதைவிட அதிகமா வர்றது, அந்தப் பேரை மறைக்க மேல ஒரு கழுகு!''

லேசர்ல அழிக்கலாம்தான். ஆனா பல தடவை போகணும், போட்ட செலவைவிடப் பல மடங்கு ஆகும், முழுசா போகும்னு உறுதியும் இல்லை. லவ் வர்றதுக்கும் போறதுக்கும் ஜி-பே போதும். இதுக்கு ஈ.எம்.ஐ. ஆகும்!

திரும்பும் வழி

வேளச்சேரியில இருந்து தாம்பரம் பஸ். ஜன்னலோரம் கிடைச்சா யோசிக்கிறதுக்கு வசதி.

பாட்டியை யாரும் கேட்கலை. கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, குத்தினாங்க. உங்களை யாரும் பிடிச்சுக்கலை. நீங்களே காசு கொடுத்து, நீங்களே கையை நீட்டப் போறீங்க. பாட்டிக்குக் கிடைக்காத ஒரு விஷயம் உங்ககிட்ட இருக்கு... டைம். அதை மட்டும் வேஸ்ட் பண்ணிடாதீங்க. டிசைனை போன் வால்பேப்பரா வெச்சுக்கங்க. ஆறு மாசம் கழிச்சும் போர் அடிக்கலைனா, அது உங்களோடது. அந்த ஆறு மாசத்துக்குள்ள ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூணு டோஸும் போட்டு முடிச்சிடலாம். ஏற்கெனவே போட்டிருக்கானு வீட்டுல கேளுங்க.

இன்னும் ஒண்ணு. மறக்காம இதைச் செய்யுங்க. அடுத்த ஒரு வருஷத்துக்கு நீங்க ரத்தம் கொடுக்க முடியாது. அதனால, டாட்டூ போடுறதுக்குச் சில வாரத்துக்கு முன்னாடியே ஒரு யூனிட் கொடுத்துட்டு வாங்க. வீட்டுல யாருக்காவது ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா, அது முடியுற வரைக்கும் டாட்டூவைத் தள்ளிப் போடுங்க.

நான் இன்னும் போடலை. டிசைன் ரெடி. லீவுக்கு ஊருக்குப் போனப்போ, பாட்டி கை மேல டிரேஸிங் ஷீட் வெச்சு அந்தப் புள்ளிக் கோலத்தை அப்படியே எடுத்துட்டு வந்துட்டேன். ''தேளையும் எடுத்துக்கோயேன்''னாங்க. தேள் வேணாம்னுட்டேன், இன்னும் பயம்தான்! இப்போ அந்தக் கோலம் என் வால்பேப்பர். இது நாலாவது மாசம்.

போன ஜூலையில எங்க காலேஜ்ல ரத்த தான முகாம் நடந்துச்சு. ஒரு வருஷக் கணக்கு முடிஞ்ச மறு வாரம். லைன்ல முதல் ஆளா நின்னது யாருனு சொல்லணுமா? படுக்கையில கையை நீட்டிப் படுத்துக்கிட்டு, ''மச்சி, போட்டோ எடுத்து எங்கப்பாவுக்கு அனுப்புடா''னான்.

எடுத்தேன். ஊசி ஏறின கையில, கொஞ்சம் கோணலா, கொஞ்சம் மங்கலா அந்த மூணு எழுத்து தெரியுது. ப்-க்கு மேல புள்ளியும் சரியாத்தான் இருக்கு.